கூடத்தில் இருந்த மூக்குப்பொடி ஜாடி

சார்ல்ஸ் டார்வின் என்றதும் வெண்தாடி வைத்த ஒரு முதியவரின் படம்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். உயிரியல் பாடநூலில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கலாப்பகோஸ் தீவுகளின் குருவிகள் இருக்கும். இயற்கைத் தேர்வு என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். தேர்வு எழுத அது போதும்.

கடந்த பருவத்தில் பரிணாம உயிரியல் பாடத்துக்காக அவருடைய தன்வரலாற்றையும், அவர் மகன் ஃபிரான்சிஸ் தந்தையைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்புகளையும் படித்தேன். அறிவியலைத் தேடித்தான் போனேன். ஆனால் என் மனத்தில் தங்கியது ஒரு ஜாடி.

டார்வினுக்கு மூக்குப்பொடி போடும் பழக்கம் இருந்தது. எடின்பரோவில் மாணவராக இருந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் அது. ஒருமுறை ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தார். மூளையே மந்தமாகிவிட்டதுபோல் உணர்ந்தார். அதனால் அவர் வேறொன்று செய்தார். ஜாடியைத் தம் பணியறையில் வைக்காமல், வெளியே கூடத்து மேசைமேல் வைத்தார். ஒரு சிட்டிகை வேண்டுமென்றால் எழுந்து, கதவைத் திறந்து, கூடம்வரை நடக்க வேண்டும். அந்தச் சில அடி தூரம் ஒரு சிறிய தடையாக இருக்கும் என்பது அவர் கணக்கு. ஜாடி மூடியின் ஓசை அந்த வீட்டில் எல்லாருக்கும் பழகிய ஓசை என்று மகன் எழுதுகிறார். அதாவது, அவர் அடிக்கடி எழுந்து போகத்தான் செய்தார். தூரம் பழக்கத்தை ஒழிக்கவில்லை, கொஞ்சம் குறைத்தது.

அடுத்து நான் கைப்பேசியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்: படிக்கும் மேசையில் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பதும், வரவேற்பறையில் அம்மாவின் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவதும் ஒன்றல்ல. செய்து பார்த்தால் தெரியும். இத்துடன் கைப்பேசியை விட்டுவிடலாம். டார்வினின் வாழ்க்கையில் அதைவிடச் சுவையான செய்திகள் இருக்கின்றன.

எலி பிடிக்கும் பையன்

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் வசதியான மருத்துவர். தாயார், மட்பாண்டத் தொழிலில் புகழ்பெற்ற வெட்ஜ்வுட் குடும்பத்தைச் சேர்ந்தவர். சார்ல்ஸுக்கு எட்டு வயதாக இருந்தபோது தாயார் இறந்துவிட்டார்.

பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும்தான் பாடம். பையனுக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. அண்ணனோடு சேர்ந்து வீட்டுத் தோட்டக் கொட்டகையில் வேதியியல் சோதனை செய்துகொண்டிருந்தான். விஷயம் தெரிந்த பள்ளித் தோழர்கள் அவனுக்கு கேஸ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். உதவாத வேலையில் நேரத்தைப் போக்குகிறான் என்று தலைமையாசிரியர் எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். துப்பாக்கி, நாய்கள், எலி பிடிப்பது இவற்றைத் தவிர இவனுக்கு எதிலும் அக்கறையில்லை, குடும்பத்துக்கே தலைகுனிவைக் கொண்டுவரப் போகிறான் என்று தந்தை ஒருநாள் திட்டினார். அந்தச் சொல் டார்வினின் மனத்தில் முதுமைவரை இருந்தது.

மருத்துவம் படிக்க 1825இல் எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பார்க்க முடியாமல் பாதியிலேயே வெளியேறினார். இரண்டு ஆண்டுகளில் மருத்துவப் படிப்பு முடிவுக்கு வந்தது. சமயப் போதகராகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் வண்டு சேகரித்தார். ஒருநாள் மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகள் கிடைத்தன. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வண்டு தென்பட்டது. அதை விட மனமில்லாமல் வலது கையில் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டார். அது காரமான திரவத்தைப் பீச்ச, துப்ப வேண்டியதாயிற்று. அந்த வண்டும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று.

இந்தக் கதையை வேடிக்கையாகவே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. மூன்றாவது வண்டுக்காக இரண்டாவதை வாயில் போட்டுக்கொள்கிற ஒருவரைக் கவனம் இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது? பெரியவர்கள் காட்டிய இடத்தில் அவர் கவனம் இல்லை. அதேநேரத்தில், அது ஒழுங்கில்லாத கவனம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று வண்டு, நாளை வேட்டை, மறுநாள் நண்பர்களோடு விருந்து என்று அலைந்த கவனம்.

கப்பலில் கற்றது

அதை ஒழுங்குபடுத்தியது பீகிள் கப்பல். 1831 டிசம்பர் 27ஆம் தேதி புறப்பட்டு 1836 அக்டோபர் 2ஆம் தேதி திரும்பிய அந்தப் பயணத்தைப் பற்றி நமக்குக் கொஞ்சம் தெரியும். கப்பல் எவ்வளவு சிறியது என்பதுதான் பலருக்குத் தெரியாது. நீளம் ஏறத்தாழ 27 மீட்டர்; அதில் 70க்கும் மேற்பட்டவர்கள். வரைபட மேசை இருந்த அறையில், அந்த மேசைக்கு மேலே கட்டிய தொங்கு படுக்கையில்தான் டார்வின் தூங்கினார். ஐந்து ஆண்டுகளும் கடல்நோய் அவரை விடவில்லை. சிறிது நேரம் மேசையில் வேலை செய்வார், தலை சுற்றும், படுத்துக்கொள்வார், மறுபடி எழுந்து தொடர்வார். பிற்காலத்தில் அவர் வாழ்ந்த முறையே அங்குத் தொடங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பயணத்தில் அவர் தமக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். எதைப் படித்தாலும், எதைச் சிந்தித்தாலும், அது தாம் பார்த்ததோடு அல்லது பார்க்கப்போவதோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அன்றன்று பார்த்ததை எழுதிவைத்தார். ஊர் திரும்பியபோது நாட்குறிப்பு மட்டும் ஏறக்குறைய 770 பக்கம் இருந்தது. இன்னொரு மாற்றமும் நடந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் வேட்டை ஆசை அப்படியே இருந்தது. பறவைகளையும் விலங்குகளையும் தாமே சுட்டுச் சேகரித்தார். பிறகு வேட்டை வேலையைக் கெடுப்பதாகத் தோன்றியது. துப்பாக்கியை மெல்ல மெல்ல உதவியாளரிடம் கொடுத்துவிட்டார். சபதம் எதுவும் எடுக்கவில்லை. பாறைகளின் அடுக்கைப் படித்து நிலத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்பதில் கிடைத்த இன்பம், சுடுவதில் கிடைத்ததைவிடப் பெரிதாகிவிட்டது. தந்தை எந்தத் துப்பாக்கிக்காகத் திட்டினாரோ அது தானாகக் கையை விட்டுப் போனது.

பின்னாளில் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தபோது, பயணத்தில் சேகரித்த எலும்புகளையும் தாவரங்களையும்விட, எடுத்த வேலையில் ஊக்கத்தோடும் குவிந்த கவனத்தோடும் இருக்கும் பழக்கம் அங்கு வந்ததையே டார்வின் பெரிதாகக் கருதினார். கவனம் தமக்குப் பிறவியில் கிடைத்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. 22 வயதில் கப்பல் ஏறி, 27 வயதுக்குள் பழகிக்கொண்டது அது. திரும்பி வந்த மகனைப் பார்த்ததும் தந்தை, இவன் மண்டையின் வடிவமே மாறிவிட்டதே என்று மகள்களிடம் சொன்னாராம்!

நாளுக்கு மூன்று அமர்வு

லண்டனில் இருந்தபோது, 1838இல், திருமணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று டார்வின் ஒரு தாளில் இரண்டு பத்திகளாகப் பட்டியல் போட்டார். வேண்டாம் என்ற பக்கத்தில் நேர இழப்பு, மாலையில் படிக்க முடியாமை, புத்தகம் வாங்கப் பணம் குறைவது எல்லாம் இருந்தன. அப்படியும் திருமணம் வென்றது. 1839 ஜனவரியில் தம் மாமன் மகள் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். மாமன் மகள் என்பது நம் வீடுகளில் சாதாரணம். டார்வினோ, நெருங்கிய உறவில் மணந்தது பிள்ளைகளின் உடல்நலத்தைக் கெடுத்துவிட்டதோ என்று பின்னாளில் வருந்தியவர். அது தனிக் கதை.

1842 செப்டம்பரில் குடும்பம் லண்டனைவிட்டு 25 கிலோமீட்டர் தள்ளியிருந்த டவுன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அதற்குள் டார்வினின் உடல்நலம் கெட்டிருந்தது. வாந்தி, படபடப்பு, நடுக்கம், களைப்பு. என்ன நோய் என்று இன்றுவரை மருத்துவர்கள் விவாதிக்கிறார்கள். விருந்தினரோடு அரைமணி நேரம் கூடுதலாகப் பேசினாலே இரவு தூக்கம் போய்விடும். அடுத்த 40 ஆண்டுகள் அந்த வீட்டில் அவர் எப்படி வேலை செய்தார் என்பதை ஃபிரான்சிஸ் மணிவாரியாக எழுதியிருக்கிறார்.

விடிந்ததும் சிறு நடை. 7.45க்குத் தனியாகக் காலை உணவு. 8 மணி முதல் 9.30 வரை வேலை. நாளின் சிறந்த நேரம் அதுவே என்பது அவர் எண்ணம். பிறகு வரவேற்பறைக்கு வந்து கடிதங்களைக் கேட்பார், ஒரு நாவலின் சில பக்கங்களை யாராவது வாசிக்கச் சோபாவில் சாய்ந்திருப்பார். 10.30க்கு மறுபடி பணியறை. 12 மணிக்கு வெளியே வந்துவிடுவார். நாளின் முக்கிய வேலை அத்துடன் முடிந்தது! பசுமைக்குடிலை எட்டிப் பார்த்துவிட்டு, தோட்டத்துக்கு அப்பால் இருந்த மணல்பாதையில் சுற்றி வருவார். எத்தனை சுற்று என்று எண்ணுவதில் மனம் போகக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, பாதையோரத்தில் சக்கிமுக்கிக் கற்களைக் குவித்துவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார். மதிய உணவு, நாளிதழ், கடிதங்களுக்குப் பதில். 3 மணிக்கு ஓய்வு. எம்மா நாவல் வாசிப்பார். 4.30 முதல் 5.30 வரை இன்னொரு மணி நேரம் வேலை. இரவு உணவுக்குப் பிறகு எம்மாவோடு பேக்கேமன் என்ற தாய ஆட்டம், தினமும் இரண்டு முறை. யார் எத்தனை முறை வென்றார்கள் என்று பல ஆண்டுகளுக்குக் கணக்கு வைத்திருந்தார். 1876இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தின்படி எம்மா 2,490, டார்வின் 2,795.

கூட்டிப் பாருங்கள். நல்ல நாளில் நான்கு மணி நேரம். நோய் முற்றிய நாள்களில் அதுவும் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் தேர்வுக் காலத்தில் பாய் தலையணையோடு வரும் நண்பர்களை நினைத்துக்கொள்கிறேன். 12 மணி நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று சொல்வதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. டார்வினிடம் அந்தப் பெருமை இல்லை. தம் சக்தி எங்கே முடிகிறது என்ற துல்லியமான அறிவு இருந்தது. அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதிக்கொண்டிருக்கும்போது, வாக்கியத்தின் நடுவில்கூடச் சட்டென்று நிறுத்தி, இதற்குமேல் கூடாது என்று எழுந்துவிடுவாராம். எல்லைவரை போவார், தாண்ட மாட்டார். தாண்டினால் மறுநாள் போய்விடும்.

எழுந்துவிடுகிற அதே மனிதர் நிமிடங்களில் கஞ்சராகவும் இருந்தார். பத்து நிமிடத்துக்கும் கால் மணிக்கும் உள்ள வேறுபாடு அவருக்குப் பெரிது. இன்னும் கொஞ்ச நேரம்தானே இருக்கிறது, இப்போது எதைத் தொடங்குவது என்று அவர் சும்மா இருந்ததில்லை. நாம் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தைப் போன்ற துண்டு நேரங்களிலும் ஒரு பூவைப் பிரித்துப் பார்த்துவிடுவார்.

அவரால் அப்படிச் சட்டென்று தொடங்க முடிந்ததற்குக் காரணம் அவர் பொருள்களை வைத்திருந்த முறை. பணியறையில் 30, 40 பெரிய கோப்புறைகள், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு எழுதிய தட்டுகளில் இருந்தன. ஒரு செய்தி கிடைத்ததும் அது அதற்குரிய கோப்புறைக்குள் போய்விடும். புத்தகம் படித்தால், வேண்டிய பக்கங்களின் எண்களைக் கடைசித் தாளில் எழுதிவைப்பார். புத்தகம் கனமாக இருந்தால் நடுவில் கிழித்து இரண்டாக்கிவிடுவார். (நூலகர்கள் மன்னிக்க.) தம் கருத்துக்கு எதிரான சான்று கண்ணில் பட்டால் அதை மட்டும் உடனே, தவறாமல் எழுதிக்கொள்வார். சாதகமானவை நினைவில் நிற்கும், பாதகமானவை நழுவிவிடும் என்று அவர் தம்மைத் தாமே கவனித்துக் கண்டிருந்தார்.

சரி, வீட்டில் பிள்ளைகள்? பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள், ஏழு பேர் வளர்ந்து பெரியவர்களானார்கள். கத்தரிக்கோல், நூல், அடிக்கோல், பசை எது வேண்டுமென்றாலும் அப்பாவின் பணியறைக்குள்தான் ஓடுவார்கள். வேலை நேரத்தில் போகக்கூடாது என்று தெரிந்தும் போவார்கள். அவர் கத்தியதாக யாரும் எழுதவில்லை. பலமுறை குறுக்கிட்டுவிட்டீர்களே, இனி வராமல் இருக்க முடியுமா என்று பொறுமையோடு கேட்டதைத்தான் ஒரு பிள்ளை நினைவுகூர்கிறது. நான்கு வயது மகன் ஒருவன், வேலையை விட்டுவிட்டு விளையாட வந்தால் ஆறு பென்ஸ் தருவதாக அப்பாவுக்கு லஞ்சம் பேசினான். அவர் எழுதித் தள்ளிய கையெழுத்துத் தாள்களின் பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். உயிரினங்களின் தோற்றம் நூலின் முதற்படித் தாள்கள் சில இன்று மிஞ்சியிருப்பதற்கே பிள்ளைகளின் கிறுக்கல்கள்தான் காரணம்.

எட்டு ஆண்டு கொட்டலசு

இப்போது எனக்கு விடை தெளிவாகத் தெரியாத பகுதிக்கு வருகிறேன். இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் டார்வினுக்கு 1838இலேயே வந்துவிட்டது. 1842இல் 35 பக்கச் சுருக்கம் எழுதினார். 1844இல் அதை 230 பக்கமாக விரித்தார். தாம் திடீரென இறந்துவிட்டால் 400 பவுண்டு செலவிட்டு அதை வெளியிட வேண்டும் என்று எம்மாவுக்குக் கடிதமும் எழுதிவைத்தார். பிறகு அதைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, 1846 அக்டோபரில் கொட்டலசுகளைப் பற்றி ஆராயத் தொடங்கினார்.

கொட்டலசு என்றால் படகுத்துறைத் தூண்களிலும் கப்பல்களின் அடிப்பகுதியிலும் கூர்கூராக ஒட்டிக்கொண்டிருக்குமே, கால் பட்டால் கீறிவிடும், அதுதான். நண்டு, இறாலின் உறவு. சிலி நாட்டுக் கடற்கரையில் எடுத்த ஒரு விநோத வகையை விவரிக்கத்தான் உட்கார்ந்தார். சில மாதங்களில் முடியும் என்று நினைத்தார். அதை ஒப்பிட இன்னொன்று, அதற்கு இன்னொன்று என்று உலகெங்கிலும் இருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தார். எட்டு ஆண்டுகள் போயின. அதில் நோயில் கழிந்ததே இரண்டு ஆண்டுகள் இருக்கும். அப்பா என்றாலே கொட்டலசு என்று பழகிப்போன ஒரு பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, அவர் எங்கே உட்கார்ந்து தம் கொட்டலசைப் பார்ப்பார் என்று கேட்டதாம்.

அந்த ஆண்டுகளின் நடுவில்தான், 1851 ஏப்ரலில், அவருடைய செல்ல மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். சிகிச்சைக்காக அழைத்துச் சென்ற மால்வெர்ன் நகரில் கடைசி நாள்களில் டார்வின் அவள் படுக்கை அருகிலேயே இருந்தார். நிறைமாதக் கர்ப்பிணியான எம்மாவால் வர முடியவில்லை. அந்தத் துயரத்தைப் பற்றி அவர் பிற்காலத்தில் அதிகம் பேசியதில்லை. வீடு திரும்பி நுண்ணோக்கியின் முன் மறுபடி உட்கார்ந்தார்.

எட்டு ஆண்டுகள் ஒரே வகை உயிரினத்தைப் பார்த்தது ஆழ்ந்த கவனமா, அல்லது எழுத அஞ்சிய நூலிலிருந்து ஒதுங்க ஒரு சாக்கா? வரலாற்றாசிரியர்களிடையே இரண்டு கருத்தும் உண்டு. டார்வினே தன்வரலாற்றில், அவ்வளவு காலம் செலவிட்டது தகுமா என்று ஐயப்படுகிறார். நமக்கும் இது தெரிந்த நிலைதான். முக்கியமான கட்டுரையைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் அறையைச் சுத்தம் செய்வோம், குறிப்புகளுக்கு நான்கு நிறத்தில் கோடு போடுவோம். வேலை செய்வது போலவே இருக்கும்.

ஆனாலும் டார்வின் விஷயத்தில் நான் அவர் பக்கம். ஓர் இனத்தைக்கூட நுணுக்கமாக விவரித்திராத ஒருவருக்கு இனங்களின் தோற்றத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்ற கேள்வி அன்று அறிவியல் வட்டத்தில் இருந்தது. கொட்டலசு அந்தத் தகுதியைத் தந்தது. 1853இல் ராயல் சொசைட்டியின் பதக்கமும் கிடைத்தது. அதைவிட முக்கியம், ஒரே இனத்துக்குள் எந்த உறுப்பை எடுத்தாலும் சிறிதேனும் வேறுபாடு இருப்பதை ஆயிரக்கணக்கான மாதிரிகளில் தம் கண்ணால் பார்த்தார். இயற்கைத் தேர்வுக்கு மூலப்பொருளே அந்த வேறுபாடுதான். கோப்புறைகளும் அந்த எட்டு ஆண்டுகளில் நிரம்பிக்கொண்டே இருந்தன. கை கொட்டலசில் இருந்தாலும் கேள்வி பழைய கேள்விதான்.

டெர்னாட்டேயிலிருந்து வந்த கடிதம்

டார்வின் கொட்டலசை முடித்த 1854ஆம் ஆண்டில்தான் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற 31 வயது இளைஞர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். 14 வயதில் பள்ளியை விட்டவர். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து லண்டனுக்கு அனுப்பி, விற்ற பணத்தில் வாழ்ந்தவர். புக்கிட் தீமாவில் ஒரு பாதிரியார் வீட்டில் தங்கி, புலிகள் நடமாடிய காட்டில் இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் வாலஸ் பாதையில் நடந்தவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். மலாக்கா, சரவாக் என்று அலைந்து, 1858 தொடக்கத்தில் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, டார்வின் 20 ஆண்டுகளுக்கு முன்பு கண்டதையே அவரும் கண்டார். அதைக் கட்டுரையாக்கி டெர்னாட்டே தீவிலிருந்து டார்வினுக்கே அனுப்பினார்.

1858 ஜூன் மாதம் அந்தக் கடிதம் டவுன் வீட்டுக்கு வந்தது. டார்வின் அப்போது ஒரு மிகப் பெரிய நூலில் பத்து அத்தியாயங்களைத் தாண்டியிருந்தார். எல்லாம் போயிற்று என்று நினைத்தார். கட்டுரையை மறைத்துவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை. வாலஸ் கேட்டுக்கொண்டபடி நண்பர் லையலுக்கு அனுப்பினார். அதே நாள்களில் வீட்டில் ஸ்கார்லட் காய்ச்சல். ஒன்றரை வயதுக் கடைசி மகன் ஜூன் 28ஆம் தேதி இறந்தான். நண்பர்களே முடிவெடுத்து, வாலஸின் கட்டுரையையும் டார்வினின் பழைய எழுத்துகளையும் ஜூலை 1ஆம் தேதி லின்னேயன் சங்கத்தில் சேர்த்து வாசிக்கச் செய்தார்கள். டார்வின் போகவில்லை. வாலஸ் தொலைதூரத் தீவுகளில் இருந்தார். அவருக்குச் செய்தியே பிறகுதான் தெரிந்தது.

அடுத்து நடந்ததுதான் வியப்பு. 20 ஆண்டுகளாக முடியாத மனிதர், குழந்தையைப் புதைத்த அதே மாதத்தில், ஒரு சுருக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தார். 13 மாத உழைப்பில் உயிரினங்களின் தோற்றம் நூல் முடிந்தது. 1859 நவம்பர் 24ஆம் தேதி வெளியானது. 1,250 படிகள் அச்சிட்ட முதல் பதிப்பில் விற்பனைக்கு இருந்தவற்றை விற்பனையாளர்கள் உடனே வாங்கிக்கொண்டார்கள். அந்த 13 மாதங்களிலும் அவர் நோயாளிதான். அன்றாட மணிக்கணக்கும் பெரிதாக மாறவில்லை. தலைப்பு எழுதிய கோப்புறைகள் இருந்தன. தேடவேண்டியதில்லை, எழுதினால் போதும்.

யார் கொடுத்த நேரம்?

டார்வினின் நாளைப் பார்த்து நாமும் அப்படியே வாழலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தந்தையின் சொத்து இருந்ததால் அவர் சம்பளத்துக்கு ஒருநாள்கூட வேலை செய்ததில்லை. சமையலுக்கும் தோட்டத்துக்கும் ஆள்கள் இருந்தார்கள். வீட்டுக்கு முன்னால் சென்ற சாலையில் போவோர் வருவோர் எட்டிப் பார்க்காமல் இருக்க, அந்தச் சாலையையே தோண்டித் தாழ்த்திச் சுவர் எழுப்ப அவரால் முடிந்தது. நான்கறை வீவக வீட்டில் தம்பியோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, பாட்டியின் தொடர்நாடக ஒலியில் படிப்பவர்கள் எந்தச் சாலையைத் தோண்டுவது?

எல்லாவற்றுக்கும் மேலாக எம்மா இருந்தார். பத்துப் பிள்ளைகளைப் பெற்று, அவர்களின் நோயையும் கணவரின் நோயையும் பார்த்துக்கொண்டு, விருந்தினரை அளந்து அனுமதித்து, மாலைதோறும் நாவல் வாசித்து, பியானோ இசைத்தவர். டார்வினின் நான்கு மணி நேரம் அமைதியாக இருந்ததென்றால், மற்ற மணி நேரங்களை யாரோ தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள். தம் மனைவியைப் பற்றித் தன்வரலாற்றில் அவர் மனம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். இருந்தாலும் எம்மாவின் ஒரு நாளை மணிவாரியாக யாராவது எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டார்வினும் ஒரு விலை கொடுத்தார். இளமையில் அவருக்குக் கவிதை உயிர். பீகிள் பயணத்தில் கரையிறங்கும்போது ஒரே ஒரு புத்தகத்தைத்தான் எடுத்துச் செல்ல முடியும் என்றால் மில்டனைத்தான் எடுத்துச் சென்றார். 67 வயதில் தன்வரலாறு எழுதும்போது ஒரு வரிக் கவிதையைக்கூடப் பொறுக்க முடியவில்லை என்கிறார். ஷேக்ஸ்பியர் குமட்டும் அளவுக்குச் சலித்துவிட்டது. ஓவிய ரசனையும் இசை ரசனையும் பெரும்பாலும் போய்விட்டன. மனம் தகவல்களை அரைத்து விதிகளாக்கும் இயந்திரமாகிவிட்டதோ என்று வருந்துகிறார். இன்னொரு முறை வாழக் கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வேன் என்றும் எழுதுகிறார்.

உயர்நிலை நான்காம் ஆண்டு வந்ததும் பரதநாட்டியத்தையும் வீணையையும் நிறுத்திவிடச் சொல்லும் பெற்றோரை எனக்குத் தெரியும். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பத்தாண்டில் டார்வின் பூச்சிகளைத் தின்னும் தாவரங்கள், கொடிகள் சுற்றும் விதம், மண்புழுக்கள் என்று சின்னச் சின்ன உயிர்களிடம் திரும்பினார். மண்புழுக்களுக்குக் காது கேட்குமா என்று பார்க்க ஃபிரான்சிஸ் ஊதுகுழல் வாசித்தார். எம்மா பியானோ வாசித்தார். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்தபோது அதிர்வை உணர்ந்து மண்ணுக்குள் ஒளிந்துகொண்டன. 1881இல் வந்த அந்தப் புழு நூல்தான் அவருடைய கடைசி நூல்.

1882 ஏப்ரலில் இதயம் மிகவும் தளர்ந்திருந்தது. ஃபிரான்சிஸ் ஒரு தாவரச் சோதனையைத் தொடங்கிவிட்டு வெளியூர் போயிருந்தார். ஏப்ரல் 17ஆம் தேதி டார்வின் எழுந்து சென்று, அந்தச் செடி அன்று எந்த நிலையில் இருந்தது என்று மகனுக்காகக் குறித்துவைத்தார். 19ஆம் தேதி இறந்தார்.